பக்கத்து இருக்கைக்கு ஓர் எஞ்சின்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். போன வருஷத்திலிருந்து எடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்து, "குளிக்கிறா", "தூங்குறா", "வேலைக்குப் போயிட்டா" என்று மூன்று பொய்யையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். பாவம், நாலாவது பொய் அவருக்கு வராது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள்.

நான் மறுபடியும் வண்டி வாங்கப் போகிறேன். நவம்பரில் மலைப்பாதைக் கார் ராலி நடக்கிறது. நம் பழைய வண்டி பள்ளத்தில் உருண்டு பழைய இரும்புக்குப் போன பிறகு ராலி என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதோடு நம் ஆட்டம் முடிந்தது என்று இருந்தேன். முடியவில்லை அண்ணி. கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைக்கும்போதுகூடக் கை வளைவு எடுக்கிறது.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் பழசு, இரண்டும் பாயக்கூடியது. ஒன்று இங்கே ஒரு பேக்கரிக்காரரிடம் இருக்கிறது, அது டர்போ. இன்னொன்று உங்கள் ஊரில் ஒரு பல் டாக்டரிடம் இருக்கிறது. அது டர்போ இல்லாதது, காற்றைத் தானே இழுத்து மூச்சு வாங்கும் எஞ்சின். கப்பல்கள் வரிசையில் நிற்பதால் எனக்கு லீவு கிடைக்காது. நீங்கள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லைசென்ஸே இல்லாத என்னையா கேட்கிறாய் என்பீர்கள். நாலு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் குறிப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குப் படித்துச் சொன்னவர் நீங்கள். அந்த மாதிரிப் படிக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரயில் நிலையத்தில் நீங்கள் செய்யும் அறிவிப்பை ஊரே கேட்கிறது. அதே குரல் "வலது மூணு, இறுகும்" என்று எனக்கு மட்டும் சொன்னது என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க இந்தக் கடிதத்தில் தைரியம் வரவில்லை. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

பம்பரம்


மார்ச் 9

பம்பரத்துக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணன் தங்கச்சி கையெழுத்தைப் பார்த்ததும், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றார். என்னிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவருக்கு யோசனை. உன் குடும்பத்தில் யோசிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய். காகிதத்தில் வேறு வழியில்லாமல் விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் மனதில் இருப்பதை இறக்கி வைக்கிறேன். வண்டி உருண்டு நின்று, நாம் இருவரும் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியபோது, அடி பட்டதா என்று நீ கேட்கவில்லை. "தூங்கிட்டீங்களா அண்ணி?" என்றாய். என் மணிக்கட்டு அப்போது உடைந்திருந்தது. மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

நான் தூங்கவில்லை. ஆனால் தாமதமாகப் படித்தேன் என்பது உண்மை. கடைசி வளைவில் மட்டும் இல்லை, அன்றைக்குக் காலையிலிருந்தே என் வாய் வண்டிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு போட்டியிலும் அப்படி நடந்ததில்லை. ஏன் நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். காரணம் தெரியாத தப்பை மறுபடி செய்ய மாட்டேன் என்று உனக்கு எப்படி வாக்குக் கொடுப்பேன்? அதனால் பக்கத்து இருக்கைக்கு வேறு ஆளைப் பார். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் தனியாக இருக்கிறது.

பல் டாக்டரின் வண்டியைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் இந்த டர்போ சமாசாரத்தை எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் அண்ணனைக் கேட்டேன். அவர் பிரஷர் குக்கரை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். குக்கரைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

மணிக்கட்டு உடைந்தது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள். இதற்கு மேல் அலங்காரமாக எழுத வரவில்லை.

பாடத்துக்கு வருகிறேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்கும். மிதித்தால் உடனே பதில் வரும், மிதித்த அளவுக்கு வரும். பொய் பேசாது. ஆனால் முழு பலமும் வேண்டுமென்றால் அதைக் கதறக் கதற ஓட்ட வேண்டும். மலையில் மேலே போகப்போகக் காற்று மெலியும், அதற்கும் மூச்சு வாங்கும்.

டர்போ அப்படியில்லை. வெளியே போகிற புகையை விட்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்து, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். சின்ன எஞ்சின், பெரிய பலம். மலை உயரத்தில்கூட அவ்வளவாகச் சோராது. ஒரே வம்பு, மிதித்ததும் வராது. காற்றாடி வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அதற்கப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி வரும். காலை எடுத்தால் அந்தக் கை போய்விடும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி ஒரு கணம் காத்திருக்க வேண்டும்.

பேக்கரிக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அவர் மாவுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த மாவுத் தடம் கதவில் இன்னும் இருக்கும். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்கப் போனேன். வேண்டாம், கொஞ்சம் சும்மா ஓடட்டும் என்று தடுத்தார். சூடேறிய டர்போவை ஆறவிட்டு அணைக்க வேண்டும். நான் சொல்லாமலே அதைச் செய்கிறவரிடம் நம்பி வாங்கலாம். புகைக்குழாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்த கரிதான், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

அண்ணி, அது என்ன வண்டி தெரியுமா? கிரேனில் நான் கைப்பிடியைத் தள்ளினால் பாரம் உடனே வராது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஆடி வரும். அதனால் எதையும் ஒரு கணம் முன்னாலேயே செய்வது எனக்குக் கைப்பழக்கம். டர்போவிலும் கை அதையே செய்தது. வளைவு முடிவதற்கு முன்பே மிதித்தேன். வளைவு நிமிர்ந்த இடத்தில் பலம் வந்து சேர்ந்துகொண்டது. பேக்கரிக்காரர் இறங்கி நின்று, "எட்டு வருஷமா இதை ஓட்டுறேன். இது எனக்கு ஒரு நாளும் இப்படிப் போனதில்லை" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ராலிக்குக் கொஞ்ச நாள் முன்னால், அண்ணன் பேச்சைக் கேட்காமல் நம் வண்டிக்கு ஒரு டர்போ வாங்கிப் பொருத்தினோமே, அதை வைத்து இதை எடை போடாதீர்கள். அது ஒட்டுப்போட்ட வேலை. இது பிறக்கும்போதே டர்போவாகப் பிறந்தது.

ஆனாலும் டாக்டர் வண்டியைப் பார்த்துவிடுங்கள். உங்கள் வாயால் கேட்காமல் முடிவு செய்ய மாட்டேன்.

பம்பரம்


மார்ச் 30

பம்பரத்துக்கு,

வண்டியைப் பார்த்தேன். நிதானமாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

எனக்கு எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பக்கத்து இருக்கை மட்டும்தான். அதனால் என் முறையிலேயே பார்த்துவிடுவது என்று, ஊருக்குப் பின்னாலிருக்கும் மலை ரோட்டில் பஸ்ஸில் இரண்டு முறை போய் வந்து குறிப்பு எடுத்தேன். கண்டக்டர் என்னை ஏதோ ரோடு காண்டிராக்டர் என்று நினைத்து, குழிகளைப் பற்றி நியாயம் கேட்டார்.

பல் டாக்டர் ஒரு அம்மா. நான் சொன்னதைக் கேட்டதும் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. வண்டியை நன்றாக வைத்திருக்கிறார். எஞ்சின் சூடாகும் வரை வேகம் பிடிக்கவே இல்லை. உள்ளே ஒரு காகிதத் துண்டு கிடையாது. அடிவாரத்தில் நிறுத்தி, எண் சின்னதானால் வளைவு கடுமை, 'முழுசா' என்றால் காலை எடுக்காமல் மிதிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்வதை மட்டும் கேளுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள் என்றேன். நோயாளிகளிடம் தானும் அதையேதான் சொல்வதாகச் சொன்னார்.

கிளம்பினோம். தலையைக் குனிந்தேன். முதல் வரியைப் படித்தேன். பிறகு இரண்டாவது. பம்பரம், எப்படிச் சொல்வேன் உனக்கு. ஒவ்வொரு வரியும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் ஒரு முறைகூட நிமிர்ந்து ரோட்டைப் பார்க்கவில்லை. அந்த எஞ்சின் குரல் ஏறுகிறது, ஏறுகிறது, ஓர் இடத்தில் என் வாய் தானாகத் திறக்கிறது. குரல் இறங்குகிறது, நான் அடுத்த வரிக்குப் போகிறேன். அரை மலை ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் நாலு வருஷமும் ரோட்டைப் பார்த்துப் படிக்கவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டிருக்கிறேன். அது எனக்கே தெரியாது. யாராவது கேட்டிருந்தால்தானே யோசித்திருப்பேன்.

மேலே போனதும் டாக்டரம்மாவிடம் டர்போவைப் பற்றிக் கேட்டேன். டர்போ பொருத்தினால் சத்தம் அமுங்கிப்போகும், வண்டியோ சத்தம் காட்டுவதைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். டர்போ பொருத்திய அந்தக் கடைசி ராலியில் எஞ்சின் என் காதில் ஒன்று சொன்னது, வண்டி வேறொரு இடத்தில் இருந்தது. நான் பழைய கணக்கிலேயே படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயசும் ஆகவில்லை, பயமும் வரவில்லை.

மலை உச்சியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா என்னை வாயைத் திறக்கச் சொல்லி, எந்தப் பல் என்று கேட்டார்.

வண்டியைப் பற்றிக் கேட்டாயே. அது நேர்மையான வண்டி. கேட்டதற்குப் பதில் சொல்கிறது. இதற்கு மேல் ஒரு எஞ்சினைப் புகழ எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக நீ வாங்க வேண்டியதில்லை.

பக்கத்து இருக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

நடுவில் எழுந்து போகவில்லை. படித்து முடித்த பிறகு எழுந்து போய், கடல் ஓரமாக நெடுநேரம் நடந்துவிட்டு வந்தேன்.

நாலு வருஷம் ஒரே வண்டிக்குள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. நல்ல கடிகாரத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படி இருந்துவிட்டேன். எஞ்சினை மாற்றினால் அது உங்கள் காதை மாற்றிவிடும் என்று எனக்கும் தோன்றவில்லை, பொருத்திக் கொடுத்த மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. தலையைக் குனிந்தபடி, சத்தத்தை மட்டும் வைத்து ஒரு மலையையே ஏறியிருக்கிறீர்கள். என் கண்ணெதிரில் நடந்ததை நான் பார்க்கவில்லை, அண்ணி.

முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மா வண்டிதான். பேக்கரிக்காரரிடம் அடுத்த வாரம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கு வருத்தம் துளிகூட இல்லை என்று எழுத நினைத்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். கொஞ்சம் இருக்கிறது. மேல் வளைவுகளில் டர்போ வண்டிகள் நம்மைத் தாண்டிப் போகும், போகட்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நான் ஜெயித்தால் அதைச் சொல்ல எனக்கு ஆள் வேண்டாமா?

டாக்டரம்மாவிடம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். இப்போது கேட்கிறேன். பக்கத்தில் வந்து உட்காருவீர்களா?

பம்பரம்


ஏப்ரல் 12

பம்பரத்துக்கு,

டாக்டரம்மாவிடம் பேசினேன். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு மலை ஏறியதிலிருந்து அந்த அம்மாவுக்கு வண்டியை விற்க மனமில்லை. "என் வண்டிக்குள்ள இவ்வளவு இருக்குன்னு இத்தனை நாள் தெரியாம ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார். உங்கள் நாத்தனார் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று இழுத்தார். கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். உடனே அவர், நவம்பரில் தனக்குக் குறிப்பு படிக்க வருகிறீர்களா என்று கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. அந்த எஞ்சினோடு எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏற்கெனவே ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேக்கரிக்காரருக்கு உன் அண்ணன் போன் செய்தார். அந்தப் பெண் வந்து வேண்டாம் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். உன் அண்ணன் இவ்வளவு துணிச்சலாக ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. செய்துவிட்டு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஏன் என்று கேட்பாய். நான் எப்போதும் குனிந்தே இருந்ததால், நீ வண்டி ஓட்டும்போது உன் கையைப் பார்த்ததே இல்லை. முதல் முறையாக உன் மார்ச் கடிதத்தில்தான் பார்த்தேன். இன்னும் வராத பலத்தை நம்பி முன்னாலேயே மிதிக்கிற கை எல்லாருக்கும் வாய்க்காது. எட்டு வருஷம் சொந்தமாக வைத்திருந்தவருக்கே அந்த வண்டி பிடிபடவில்லை, உனக்கு ஒரு மத்தியானத்தில் பிடிபட்டிருக்கிறது. என் வசதிக்காக நீ அந்தக் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டினால், நான் உனக்குத் துணையா, காலில் கட்டிய கல்லா? அப்படி ஓர் இடத்தில் நான் உட்கார மாட்டேன்.

டர்போவை வாங்கு. நான் வருகிறேன். முதல் இரண்டு நாள் குறிப்பே எடுக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ ஓட்டு, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் இல்லாத வண்டியில் வேறு ஏதாவது இருந்தே தீரும். முதுகில் கை வைத்துத் தள்ளும் என்று எழுதினாயே, அதைப் படிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணி,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இதை நேரில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். மூன்று முறை வந்து என்னோடு உட்கார்ந்தீர்கள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தீர்கள். எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. இரண்டாம் தடவை எல்லாமே தப்பு. இந்தத் தடவை ஒரு வரிகூடத் தப்பவில்லை. தள்ளுதல் முதுகில் ஏறும்போது அடுத்த வரி, குறையும்போது அதற்கடுத்தது. ஏற்கெனவே ஒரு வித்தையை முழுசாகத் தெரிந்துவைத்திருந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொன்றைக் கற்றுக்கொண்டீர்கள். எனக்காக.

ஆனால் நான் சரியில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியாத இடங்களில், "முழுசா" என்று நீங்கள் படித்தாலும் என் கால் மேலே எழுந்துவிடுகிறது. மனசு நம்புகிறது, கால் நம்பவில்லை. பழைய வண்டியென்றால் காலை எடுத்தாலும் சட்டென்று மறுபடி பிடித்துவிடலாம். டர்போ மன்னிக்காது. ஒரு முறை எடுத்தால் அந்த ஏற்றம் முழுக்கப் போச்சு. இப்படியே இருந்தால் நவம்பரில் நம் இரண்டு பேர் உழைப்பையும் நான் ஒருத்தியே கெடுத்துவிடுவேன்.

பம்பரம்


ஆகஸ்ட் 29

பம்பரத்துக்கு,

தெரியும். நீ காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் முதுகில் அந்தக் கை விலகும். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நேரில் சொல்லவில்லை, ஏனென்றால் காலிடம் போய் யாரும் பேச முடியாது. அதுவாக வர வேண்டும். வராவிட்டால் எடுத்து எடுத்தே ஓட்டுவோம், கடைசியாக வருவோம். டாக்டரம்மா நம்மைத் தாண்டிப் போகட்டும். நான் இறங்கிவிடுவேன் என்று மட்டும் பயப்படாதே.

அண்ணி


நவம்பர் 19

என் பம்பரத்துக்கு,

நேற்று ராலி முடிந்து, பேக்கரிக்காரர் வேனில் நீ வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன பிறகு, டாக்டரம்மாவோடும் உன் அண்ணனோடும் ஊர் வந்து சேர்ந்தேன். டாக்டரம்மாவுக்குப் பன்னிரண்டாவது இடம். அதைச் சாதாரணமாகச் சொல்வது போலப் பத்து முறை சொன்னார். நமக்கு இரண்டாவது இடம் என்று உன் அண்ணன் வழியில் நிறுத்திய கடையிலெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இங்கே நான் சொல்ல வந்தது வேறு. கடைசி ஏற்றத்தில் மூடுபனி இறங்கியது உனக்கு நினைவிருக்கும். நான் குனிந்தே இருந்ததால் எவ்வளவு அடர்த்தி என்று எனக்குத் தெரியாது. முன்னால் போன நாலு வண்டியும் அங்கே ஊர்ந்துதான் போனதாம், வண்டியின் மூக்கே தெரியவில்லையாம், பிறகு டாக்டரம்மா சொன்னார். நான் வழக்கம் போல "மேடு, இடது அஞ்சு, முழுசா" என்று படித்தேன். படித்துவிட்டு, கை விலகப்போகிறது என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

விலகவில்லை. மேடு ஏறியபோதும் விலகவில்லை. மேட்டின் மேல் வண்டி லேசாகித் தரையை விட்டு எழப் பார்த்தது, அப்போதும் விலகவில்லை. உனக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை, என் வார்த்தை ஒன்றுதான் இருந்தது. நீ அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டே போனாய்.

அதற்கப்புறம் இருந்த வளைவுகளையெல்லாம் நான் அழுதுகொண்டேதான் படித்தேன். குரலில் உனக்குத் தெரிந்திருக்காது. அறிவிப்பாளர் குரல் அப்படித்தான்.

அண்ணி